ஒரு விரல் இடம்

கோம்பையில் நாயைக் குளிப்பாட்டுவது என்று ஒரு வேலை உண்டு என்பதே சுருளிராஜனுக்கு நாற்பத்தொன்பது வயது வரை தெரியாது. மழை பெய்தால் நாய் நனையும், வெயிலடித்தால் காயும். மிஞ்சிப்போனால் வாய்க்காலில் தானாக இறங்கி ஒரு முங்கு போட்டுவிட்டு, நாம் வெளுத்த வேட்டி கட்டியிருக்கும் நாளாகப் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்று உதறும். அதற்குமேல் நாய்க்கு என்ன குளியல் வேண்டிக்கிடக்கிறது?

அவர் மோட்டார் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். சுருளியண்ணன் போட்ட முடிச்சு மோட்டாரே எரிந்தாலும் அவிழாது என்று தேவாரம் வரைக்கும் பேச்சு. கடை வாசலில் செவலை என்ற கோம்பை ஜாதி நாய் காலை நீட்டிப் படுத்திருக்கும். குட்டி வாங்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள், அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் காசைக் கொடுப்பார்கள். அவரும் குட்டியின் தாடையைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தடவிப் பார்த்து, டாக்டருக்குப் படித்தவர் மாதிரி ஒரு தீர்ப்புச் சொல்வார். பாதிக்குமேல் சரியாகவும் இருக்கும். நாயைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்ற அந்த நினைப்புத்தான் பின்னால் வீட்டுக்குள்ளேயே வினையாக வந்து நின்றது.

அவருடைய ஒரே மகள் நாகஜோதி. தேனியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, கையில் ஒரு துணிப்பையை அணைத்துக்கொண்டு வந்தாள். பைக்குள் இரண்டு மாதக் குட்டி. வெள்ளையும் காப்பித்தூள் நிறமுமாக உடம்பெல்லாம் முடி. தோழி வீட்டு நாய் போட்டதாம். ஷிட்சு என்கிற ஜாதியாம். கோகோ என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது.

சுருளிராஜன் அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"ஏ ஆத்தா, இதுல மூஞ்சி எந்தப் பக்கம்? வீடு தொடைக்கிற மாப்புக்குக் கண்ணு வச்ச மாதிரியில்ல இருக்கு."

"போப்பா. ஒனக்கு என்னா தெரியும்?"

அவருக்கு என்ன தெரியும் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். மகள் என்பதால் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயிலில் குளியல் நடக்கும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தாள் நாகஜோதி. முதலில் மடியில் போட்டு, பல் அகலமான சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுப்பாள். காய்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டுமாம்; நனைந்தால் சிக்கு இறுகிப் பந்தாகிவிடுமாம். அப்புறம் இரண்டு காதிலும் பஞ்சு. அப்புறம் துவைகல்லின் மேல் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரை முகத்தில் படாமல் மக்கில் மொண்டு மொண்டு ஊற்றுவாள். நனைந்ததும் குட்டி பாதியாகிவிடும். ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, அலசி, துண்டில் சுற்றி, கடைசியில் தலைமுடி காயவைக்கிற டிரையரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம்.

"எனக்கு ஒரு நாளு இப்பிடித் தலை தொவட்டி விட்டிருப்பியாடி?" என்பாள் அம்மா பவுனு, அடுப்படியிலிருந்து.

"மெதுவாக் காட்டு ஆத்தா, மாப்பு பறந்துறப் போகுது" என்பார் சுருளிராஜன், காப்பி டம்ளரும் கையுமாக. கேலிதான். ஆனால் முதல் சீப்பிலிருந்து கடைசித் துண்டு வரை ஒரு ஞாயிறும் தவறாமல் அங்கேயே நின்று பார்த்தார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் யாரும் கவனிக்கவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட வரும்போது மகள் கல்லூரியில் இருப்பாள். பவுனு சோற்றை மூடிவைத்துவிட்டுத் தையல் யூனிட்டுக்குப் போயிருப்பாள். குட்டி ஓடிவந்து அவர் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். அவர் அசையாமல் சாப்பிடுவார். கறிக்குழம்பு நாளென்றால் எலும்பைக் கழித்துவிட்டுச் சதையை மட்டும் பிய்த்துப் போடுவார். "காலையில இருந்து என்னா செஞ்ச? தூங்குனியா?" என்று பேசவும் செய்வார். வாசலில் யார் செருப்புச் சத்தமாவது கேட்டால் போதும், "ச்சீ, அங்கிட்டுப் போ" என்று காலை உதறிவிடுவார். கோம்பை நாய் வளர்க்கிற ஆள், இந்தப் பஞ்சுருண்டையிடம் கொஞ்சிப் பேசுவது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார். நல்ல மானம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டி முடித்து, நெற்றிமுடியைச் சேர்த்துச் சிவப்பு ரிப்பன் கட்டி, வாசலில் கொண்டுவந்து விட்டாள் நாகஜோதி. தெருவே கூடிவிட்டது. "அடி என்னா அழகு", "பொம்ம கணக்கா இருக்கே" என்று ஆளாளுக்குத் தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் குட்டி மூன்று தடவை வாந்தி எடுத்தது. பால் குடிக்கவில்லை. சுருண்டு படுத்துக்கொண்டது.

"கண்ணு பட்டுருச்சுங்க" என்றாள் பவுனு. "மொளகா உப்புச் சுத்திப் போட்டா சரியாப் போகும்."

"நாய்க்குச் சுத்திப் போடுறாகன்னு தெரிஞ்சா என் கடைப் பக்கம் ஒருத்தன் தலைவச்சுப் படுக்க மாட்டான். சும்மா கெட."

அப்படிச் சொன்னவர்தான் அன்று சாயங்காலம் கடையை அரை மணி முன்னதாகச் சாத்திவிட்டு அம்மன் கோயிலுக்குப் போய், பூசாரியிடம் ஒரு கறுப்புக் கயிறு வாங்கி, அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். யாருக்கு என்று பூசாரி கேட்டதற்கு, "வீட்டுல பிள்ளைக்கு" என்றார். அது பொய்யென்று அவருக்கே தோன்றவில்லை.

மறுநாள் காலையிலேயே குட்டி துள்ளிக்குதித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வாங்கின கயிற்றைக் கட்டாமல் விட மனமில்லை. மத்தியானம் கடையிலிருந்து வார்னிஷ் டப்பாவையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் கட்டினால் மகள் பார்த்துவிடுவாள். தினமும் அங்கே சீவுகிறவள். பார்த்தால், "மாப்பு மாப்புன்னயே, இப்ப மந்திரிச்சுக் கட்டி விட்டிருக்கியா?" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள். அதனால் இடது முன்னங்காலை எடுத்தார். முட்டிக்கு மேலே, அக்குளை ஒட்டி, முடி அடர்ந்த இடத்தில் கயிற்றைச் சுற்றினார். இறுக்கவில்லை. ஒரு விரல் தாராளமாக நுழைந்து வெளியே வருகிற மாதிரி இடம் விட்டார். காயில் கட்டுகிற அதே முடிச்சைப் போட்டார். நைலான் கயிறு, குளிக்கும்போது வழுக்கி அவிழ்ந்துவிடக் கூடாதே என்று முடிச்சின் மேல் ஒரு சொட்டு வார்னிஷும் வைத்தார். அது காயும் வரைக்கும் காலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரமும் குட்டி அவர் மடியில் அசையாமல் கிடந்தது.

செவலையின் கழுத்திலும் இதே மாதிரிக் கயிறு உண்டு. அதற்கு உடம்போடு ஒட்டின முடி. கட்டிய கயிறு ஆறு மாதமானாலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இறுகினாலும் தெரியும், இற்றுப்போனாலும் தெரியும். கோகோவுக்குக் கட்டியது கட்டிய நிமிடமே முடிக்குள் மறைந்துபோனது. இரண்டு ஞாயிறு குளிப்பாட்டியும் மகள் கயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாததால், சீவுகிற சீவலில் அது எங்காவது அறுந்து விழுந்திருக்கும் என்று அவராக முடிவுகட்டிக்கொண்டார். தான் போட்ட முடிச்சு நிற்காது என்று அவர் ஆயுசில் நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

குட்டி வளர்ந்தது. வளர்கிற வயது. கண்ணுக்குத் தெரியாமல் கால் பருத்தது. கயிறு பருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நாகஜோதி சொன்னாள்: "அப்பா, கோகோ லேசா நொண்டுது."

சுருளிராஜன் அதை நடக்கவிட்டுப் பார்த்தார். "கட்டில்ல இருந்து குதிச்சுக் குதிச்சு எறங்குதுல்ல, சுளுக்கிக்கிருச்சு. ரெண்டு நாள்ல சரியாப் போகும்."

அடுத்த வாரம், "குளிப்பாட்டுனாலும் ஒரு மாதிரி வாட அடிக்குதுப்பா" என்றாள்.

"இம்புட்டு முடிய வச்சுக்கிட்டு எப்பிடிக் காயும்? ஈர வாடதான்."

"சிக்கெடுக்கப் போனா இடது காலத் தொடவே விட மாட்டேங்குது. டாக்டர்ட்ட காட்டிருவமா?"

"எனக்குத் தெரியாத நாயா ஆத்தா? செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க. அம்புட்டுத்தான்."

அவள் நம்பினாள். ஊரே அவரிடம் வந்து கேட்கும்போது மகள் நம்பாமல் என்ன செய்வாள்? இடது காலை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களைச் சீவினாள். விட்ட இடத்தில் முடி சிக்கிச் சிக்கிப் பந்தாகத் திரண்டது.

அதற்கடுத்த ஞாயிறு, அந்தப் பந்தை எப்படியாவது எடுத்துவிடுவது என்று சீப்பை நுழைத்தாள். குட்டி வீறிட்டுத் திரும்பி அவள் கட்டைவிரலைக் கவ்விவிட்டது. ரத்தம் துவைகல்லில் சொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் ஓடிவந்த சுருளிராஜன், காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓங்கி ஒரு அடி வைத்தார். குட்டி நொண்டி நொண்டிப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. சாயங்காலம் வரை வெளியே வரவில்லை.

மகளுக்கு ஊசி போட்டுக் கூட்டிவந்ததும் தீர்ப்புச் சொன்னார். "சோறு போட்ட கையக் கடிச்ச நாய வீட்டுல வச்சுக்கிறது கெடையாது. தேவாரத்துல ஆரோக்கியசெல்வம் வாத்தியாரு கேட்டுக்கிட்டே இருக்காரு. குடுத்துர வேண்டியதுதான்."

"அதுக்கு எங்கனயோ வலிக்குதுப்பா. இல்லாட்டி கடிக்காது."

"எனக்குச் சொல்லித் தர்றியா?"

நாகஜோதி அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை. நான்கு நாள் அந்த வீட்டில் அப்பா என்ற சொல்லே கேட்கவில்லை.

வாத்தியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இந்த முடியை வைத்துக்கொண்டு அவரால் மாரடிக்க முடியாது. ஒட்ட வெட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அதனால் வியாழக்கிழமை காலை, மகள் கல்லூரிக்குப் போன பிறகு, குட்டியை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு, முடி வெட்டுவதற்காகப் பழனிசெட்டிபட்டியில் இருக்கும் மெர்லினின் கடைக்குப் புறப்பட்டார். பவுனு வாசலுக்கு வரவில்லை. உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழி நெடுக, பெட்டிக்கு வெளியே தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே வந்தது குட்டி. முடி பறந்து பறந்து அவர் கையில் பட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று வீரபாண்டி வரும்போது ஒரு யோசனை வந்தது. வாத்தியாரிடம் சொன்ன சொல் என்னாவது என்று வண்டியை முறுக்கினார்.

மெர்லின் முன்பு பியூட்டி பார்லர் வைத்திருந்தவள். இப்போது நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டுகிற கடை. நாகஜோதி சீப்பும் ஷாம்பூவும் வாங்கியது அவளிடம்தான். சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேட்பதும் அவளிடம்தான்.

"ஜோதி வரலயாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே குட்டியை மேஜைமேல் ஏற்றினாள். "நீங்க தலையப் புடிச்சுக்கங்க. தெரிஞ்ச ஆளு புடிச்சா பயப்படாது."

அவர் பிடித்தார். மெஷின் சத்தம் கேட்டதும் குட்டி நடுங்கிக்கொண்டே அவர் சட்டைக்குள் முகத்தை நுழைத்தது. செருப்பால் அடித்த கை எது என்று அதற்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அங்கே அதற்கு வேறு ஆளில்லை.

முதுகு முடிந்தது. வயிறு முடிந்தது. இடது காலுக்கு வந்ததும் மெர்லின் மெஷினை நிறுத்திவிட்டு முகர்ந்து பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்து, பந்தாகக் கிடந்த முடியைத் துளித்துளியாக வெட்டினாள். குட்டி போட்ட சத்தம் ரோடு வரை கேட்டிருக்கும்.

"ஏசுவே" என்றாள் மெர்லின்.

முடி விலகிய இடத்தில் சதை வளையமாக வெட்டுப்பட்டு, சீழ்கோத்து, உள்ளே கறுப்பாக ஒரு கயிறு புதைந்திருந்தது. அதற்குக் கீழே கால் வீங்கி நிறம் மாறியிருந்தது. மேலே துருத்திக்கொண்டிருந்த முடிச்சு மட்டும் சின்னக் கல் மாதிரி இறுகி, வார்னிஷ் பளபளப்போடு, கட்டிய அன்றைக்கு இருந்ததுபோலவே இருந்தது.

சுருளிராஜன் போட்ட முடிச்சு அவருக்குத் தெரியாதா?

"எந்த மகராசி கட்டுன கயிறுண்ணே இது?" மெர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலேஜு பிள்ளைக கால்ல கட்டிக்கிருதுகள்ல, அது மாதிரி ஜோதி இதுக்கும் கட்டி விட்டுருச்சா? கட்டுனா பாக்க வேணாமா? வாரத்துக்கு ஒருக்கா குளிப்பாட்டுறேன்னு சொல்லுமே!"

"ம்" என்றார் அவர்.

அந்த ஒரு எழுத்தைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

தேனியில் டாக்டர் கயிற்றை வெட்டி எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. பாதத்தை ஊசியால் குத்திப் பார்த்தார், குட்டிக்குத் தெரியவில்லை. ரத்த ஓட்டம் நின்று நாளாகிவிட்டது, காலை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். இருபது நாள் முன்னால் வந்திருந்தால் கயிற்றை வெட்டி மருந்து போட்டதோடு போயிருக்கும் என்றும் சொன்னார். சுருளிராஜன் அந்த இருபது நாளையும் எண்ணிப் பார்த்தார். சுளுக்கு என்று சொன்னது, ஈர வாடை என்று சொன்னது, செருப்பால் அடித்தது எல்லாம் அதற்குள் வந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டார்.

வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நாகஜோதி ஓடிவந்தாள். மெர்லின் போன் பண்ணியிருக்கிறாள். வகுப்பிலிருந்து அப்படியே வந்திருக்கிறாள். காலை எடுக்கிற விஷயத்தை வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். துப்பட்டா ஒரு பக்கம் தரையில் இழுபட்டது.

"அப்பா, மெர்லின் அக்கா என்னயப் போட்டுத் திட்டுனாக. நான் கட்டலப்பா. சத்தியமாக் கட்டல." நான்கு நாள் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "குட்டி குடுத்தாகள்ல, அவுக வீட்டுல கட்டிருப்பாகளோ?"

அவர் தலையை ஆட்டினால் போதும். தோழி வீட்டார்மேல் பழி போய்விடும். யாரும் அவரை வந்து கேட்கப் போவதில்லை. பூசாரிக்குக்கூட யாருக்கு வாங்கிய கயிறு என்று தெரியாது. தலை ஆடுவதற்குத் தயாராகத்தான் இருந்தது.

அவள் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தாள். கட்டைவிரல் பிளாஸ்டரை மற்ற கையால் பிடித்துக்கொண்டாள். "யாரு கட்டுனா என்னாப்பா? நான்தான குளிப்பாட்டுனேன். ஒவ்வொரு வாரமும் இந்தக் கையாலதான தேச்சேன். எனக்குத் தெரியலயே. வலிக்குது வலிக்குதுன்னு அது சொல்லுச்சு, நான் அந்தக் கால விட்டுட்டு விட்டுட்டுச் சீவுனேன். நான்தான்ப்பா அது காலப் போக்கிட்டேன்."

அழுகையில் அவளுக்கு மூச்சு முட்டியது. சுருளிராஜனால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. தன் குற்றத்தை மகள் சுமந்துகொண்டு போவதைப் பார்ப்பதைவிட, அவள் முகத்தில் இனிமேல் முழிக்க முடியாமல் போவதே மேல் என்று தோன்றியது.

"நான் கட்டுனேன் ஆத்தா."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"வாந்தி எடுத்துச்சுல்ல, அதுக்கு மறுநா. கண்ணு பட்டுருச்சோன்னு பயந்து கோயில்ல வாங்கிட்டு வந்து நான்தான் கட்டுனேன். ஒரு விரலு போற எடம் விட்டுத்தான் ஆத்தா கட்டுனேன். வளருற பிள்ளைன்னு எனக்குத் தோணல. அப்பறம் அறுந்துருச்சுன்னு நெனச்சுப்புட்டேன். நீ வந்து வந்து சொன்ன. நான்தான் காதுல வாங்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நின்றுபோயிருந்தது. அது அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"மாப்பு மாப்புன்னுதான சொல்லுவ?" என்றாள்.

"சொல்லுவேன்தான்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் சாப்புட வந்தா அது என் கால் மேலதான் ஒக்காந்திருக்கும்."

"அப்பறம் எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"நீ சிரிப்பியேன்னுதான்."

நாகஜோதி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகத் திட்டியிருந்தால்கூட அவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

"சிரிச்சிருப்பேன்ப்பா" என்றாள். "நல்லாச் சிரிச்சிருப்பேன். சிரிச்சுப்புட்டு, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் அந்தக் கயித்த வெட்டிப்புட்டு, குளிப்பாட்டி, ஒன்னயக் கூப்புட்டுப் புதுசாக் கட்டச் சொல்லியிருப்பேன்."